மாட்டின் குழியங்கள் ஏன் செத்தன என்று கேட்டவர்

யசிந்தா காலமான செய்தி, ரொறன்ரோவில் ஒரு பல் வைத்தியரின் காத்திருப்பு அறையில் வைத்து எனக்கு வந்தது. யாழ்ப்பாணம் குருநகரிலிருந்து அவருடைய தம்பி றொபேட் அழைத்திருந்தான். "நேசன் அண்ணை, இப்ப கதைக்கலாமோ?" என்று கேட்டான். அப்படியெல்லாம் கேட்கிறவன் அல்ல அவன். எடுத்தவுடன் கதைக்கத் தொடங்கிவிடுவான். நான் எழுந்து யன்னலருகே போனேன்.

"அக்கா மோசம் போயிட்டா அண்ணை. இண்டைக்கு விடியக்காலமை. நித்திரையிலையே போயிட்டா."

"எப்ப?" என்று கேட்டேன். சொன்னான். மறுபடியும் "எப்ப?" என்றேன். மூன்றாம் முறை கேட்டபோது அவன் அழத் தொடங்கினான். சற்று நேரத்தில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். வேறென்ன செய்வதென்று தெரியாமல் உள்ளே போய்க் கதிரையில் சாய்ந்து வாயைத் திறந்தேன். நோகிறதா என்று வைத்தியர் ஆங்கிலத்தில் கேட்டார். "ஓம்" என்று தமிழில் சொன்னேன்.

அவருடைய நினைவுப் பூசையன்று வெளியிடும் சிறு நூலுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று றொபேட் பிறகு கேட்டான். எங்கள் திணைக்களத்தில் ஒன்றாக வேலை செய்த நீங்கள் இன்று ஐந்தாறு நாடுகளில் இருக்கிறீர்கள். அவருடைய பட்டங்களையும் பதவிகளையும் உங்களில் யாராவது ஒழுங்காக எழுதுவீர்கள். நான் எழுதப்போவது ஓர் ஆட்டையும் ஒரு மாட்டையும் ஒரு குரங்கையும் பற்றி. அவரோடு நான் கழித்த ஒன்பது வருடங்களில் பெரும்பகுதி அவற்றோடுதான் போனது.

எண்பத்தாறாம் ஆண்டு, ஒரே கிழமையில் நாங்கள் இருவரும் யாழ்ப்பாண மருத்துவ பீடத்தில் உதவி விரிவுரையாளர்களாகச் சேர்ந்தோம். நான் சண்டிலிப்பாயில் புகையிலை செய்கிற குடும்பம். அவர் குருநகரில் கடற்றொழில் செய்கிற குடும்பம். திணைக்களத்தில் நல்ல வில்லை உள்ள நுணுக்குக்காட்டி ஒன்றுதான் இருந்தது. காலையில் எனக்கு, மத்தியானத்துக்குப் பின் அவருக்கு என்று பிரித்துக்கொண்டோம். முதல் கிழமையே குழியங்களை, அதாவது உயிரணுக்களை, நான் எண்ணி எழுதிவைத்த ஓர் இரத்தப் படலத்தை அவர் எடுத்து முழுவதையும் திரும்ப எண்ணினார். எனக்குக் கோபம் வந்தது.

"என்ன, பிழையோ?" என்றேன்.

"எண்ணிக்கை சரி. ஆனால் நீர் வடிவான இடத்திலை மட்டும் எண்ணியிருக்கிறீர். கரையிலை குழியங்கள் ஒண்டுக்கு மேலை ஒண்டு ஏறிக் கிடக்கு. அங்கை நீர் போகவே இல்லை."

அது உண்மை. யாராவது என் வேலையை அவ்வளவு கவனமாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. கோபம் தீர ஒரு மாதம் எடுத்தது. தீர்ந்த பிறகு, மத்தியானத்துக்குப் பின்னும் நான் ஆய்வுகூடத்திலேயே நிற்க ஏதாவது காரணம் தேடத் தொடங்கினேன்.

அவருக்கு ஓர் ஆசை இருந்தது. பெரியாஸ்பத்திரியில் இரத்தப் புற்றுநோய் என்று சந்தேகப்படும் பிள்ளைகள் வருவார்கள். அதில் இரண்டு விதம் உண்டு. ஒன்று, நோயோடு போராட உடல் வைத்திருக்கும் நிணநீர்க்குழியங்களில் பிறப்பது. பிள்ளைகளில் அது பெரும்பாலும் மருந்துக்குக் கட்டுப்படும். மற்றது வேறு வெண்குழியங்களில் பிறப்பது. அந்த நாட்களில் அதற்குக் கொழும்பிலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. நுணுக்குக்காட்டியில் இரண்டும் சில வேளை ஒரே மாதிரித் தெரியும். பிரித்தறிவதற்கு, நிணநீர்க்குழியத்தை மட்டும் தேடிப் பிடிக்கிற பிறபொருளெதிரி வேண்டும். வெளிநாட்டில் போத்தலில் விற்றார்கள். எங்களுக்கு அது வந்து சேராது. வந்தாலும் வழியிலேயே சூட்டில் பழுதாகிவிடும்.

"அப்ப நாங்கள் செய்வம்" என்றார் யசிந்தா. தேத்தண்ணி போடுவோம் என்று சொல்வது போலச் சொன்னார்.

வழி பழையதுதான். தொண்டை முளை வெட்டும் சத்திரசிகிச்சையில் எறியும் சதையில் மனித நிணநீர்க்குழியங்கள் நிறைய இருக்கும். அவற்றைக் கழுவி ஓர் ஆட்டுக்கு ஊசியாகப் போட்டால், ஆட்டின் உடல் அவற்றை அந்நியமென்று கண்டு பிறபொருளெதிரி செய்யும். பிறகு ஆட்டிலிருந்து கொஞ்சம் இரத்தம் எடுத்து, உறைய விட்டு, தெளிந்து வரும் சீரத்தை வைத்துக்கொள்ளலாம். பீடத்தின் விலங்குக் கூடம் கூரை இல்லாமல் கிடந்தது. ஆட்டை எங்கே கட்டுவது? சண்டிலிப்பாயில் எங்கள் வீட்டு வளவில் கட்டினோம்.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை யசிந்தா குருநகரிலிருந்து சைக்கிளில் வந்து ஊசி போடுவார். என் அம்மாவுக்கு முதலில் அது பிடிக்கவில்லை. வேதக்காரப் பிள்ளை, கடற்கரைப் பக்கத்துப் பிள்ளை, தனியாக வந்து போகிறது, ஊர் என்ன சொல்லும் என்று முணுமுணுத்தார். இரண்டாம் மாதம் யசிந்தா வரும்போது ஒரு பொட்டலத்தில் பாரைக் கருவாடு கொண்டுவந்து, "அம்மா, உங்கடை வீட்டிலை இது சாப்பிடுவீங்களோ தெரியாது" என்று தயங்கி நீட்டினார். அம்மா வெள்ளிக்கிழமை மட்டும்தான் சைவம். கருவாட்டை வாங்கி மணந்து பார்த்தவர், அதற்குப் பிறகு முணுமுணுக்கவில்லை. ஒருநாள் யசிந்தா போன பிறகு என்னிடம் கேட்டார்:

"தம்பி, உந்தப் பிள்ளை ஆட்டைப் பாக்க வருதோ, உன்னைப் பாக்க வருதோ?"

"ஆட்டைத்தான் அம்மா."

"நீ?"

நான் ஆட்டுக்குக் குழை ஒடிக்கப் போனேன்.

ஆட்டின் சீரம் கிடைத்த காலத்தில் மின்சாரம் போய்விட்டது. தொண்ணூறில் சண்டை மூண்ட பிறகு, நான் அங்கே இருந்தவரை குடாநாட்டில் அது திரும்பி வரவில்லை. நுணுக்குக்காட்டியின் கீழே கண்ணாடியைத் திருப்பி வெயிலைப் பிடித்துப் பார்த்தோம். முகில் வந்தால் வேலை நிற்கும். இரத்தத்தைப் பிரிக்கக் கையால் சுற்றுகிற பழைய சுழலி ஒன்றை அலுமாரிக்குள்ளிருந்து எடுத்தோம். குருநகரில் எப்போதாவது மீனுக்கு ஐஸ் செய்யும் நாளில் றொபேட் ஒரு துண்டை உமிக்குள் பொதிந்து கொண்டுவருவான். சீரத்தை ஆஸ்பத்திரியில் தடுப்பூசி வைக்கிற மண்ணெண்ணெய்க் குளிர்ப்பெட்டியின் ஒரு மூலையில், தாதியரைக் கெஞ்சி வைத்திருந்தோம்.

இனித்தான் முக்கியமான வேலை இருந்தது. இந்தச் சீரம் மனித நிணநீர்க்குழியத்தைத்தான் அடையாளம் காண்கிறதா, அல்லது உயிருள்ள எந்தக் குழியத்தைக் கண்டாலும் பாய்கிறதா? அதற்கு வேறு வேறு பிராணிகளின் குழியங்களில் சோதிக்க வேண்டும். யசிந்தா மாணவருக்கு இதை விளக்கும்போது, "எல்லாரையும் தெரியும் எண்டு சொல்லுற சாட்சியை வைச்சு என்ன செய்யிறது?" என்பார்.

சோதனை எளியது. குழியங்களில் ஆட்டின் சீரம் ஒரு துளி விடுவோம். பிறபொருளெதிரி தனக்குரிய குழியத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் மட்டும் குழியம் சாகாது. துணைக்கு முயலின் புதுச் சீரம் ஒரு துளி வேண்டும். இரண்டும் சேர்ந்தால் குழியத்தின் சுவர் ஓட்டையாகும். பிறகு நீலச் சாயம் விட்டால் செத்தது நீலமாகும், உயிரோடிருப்பது நிறமின்றி மினுங்கும். நீலத்தை எண்ண வேண்டியதுதான். யாரும் தனக்கு வேண்டியதைக் காணாதபடி, ஒருவர் இலக்கம் போட்டு மறைத்து வைக்க, மற்றவர் எது எதென்று தெரியாமல் எண்ணுவோம்.

மனிதக் குழியங்கள் நீலமாயின. கோழி, நாய் இரண்டும் மினுங்கின. ஆட்டின் குழியங்களும் மினுங்கின; தன் குழியத்தைத் தன் சீரம் கொல்லாது. எல்லாம் நாங்கள் விரும்பியபடியே வந்தது. கடைசியாக மாடு. மாட்டின் குழியங்கள் முக்கால்வாசி நீலமாயின.

மறைத்த இலக்கங்களைப் பிரித்துப் பார்த்த பிறகுதான் அது மாடு என்று தெரிந்தது. எங்கள் பேராசிரியர் நல்ல மனுசன், களைத்துப்போன மனுசன். அவர் சொன்னார்: "மாட்டை விட்டிட்டு எழுதுங்கோ பிள்ளை. இந்த நிலைமையிலை இவ்வளவு செய்ததே பெரிய காரியம். மாட்டை ஆர் கேட்டது?"

"நான் கேட்டனான் சேர்" என்றார் யசிந்தா.

அடுத்த மூன்று கிழமை மாட்டோடு மல்லுக்கட்டினார். வேறு மாடு, வேறு நாள், வேறு போத்தல். ஒவ்வொரு முறையும் நீலம்தான். கடைசியில் ஒரு மத்தியானம் பழைய குறிப்புக் கொப்பியை எடுத்து வரிசை வரிசையாக விரலால் தொட்டுக்கொண்டு போனவர், ஓரிடத்தில் நின்றார்.

"நேசன், மாட்டுக்கு முயல் சீரம் மட்டும் விட்ட வரிசை இது. ஆட்டுச் சீரம் விடாதது. இதிலை எல்லாம் உயிரோடை எண்டு எழுதியிருக்கு. இதை எப்ப எண்ணினீர்?"

நான் எண்ணவில்லை. முயல் சீரம் குறைந்துகொண்டு வந்தது. ஆட்டின் சீரம் இல்லாமல் முயலின் சீரம் மட்டும் எந்தக் குழியத்தையும் கொல்லாது என்று மனிதக் குழியங்களில் பார்த்துவிட்டோமே, மாட்டுக்கும் அப்படித்தானே இருக்கும் என்று நினைத்து, அந்த வரிசையைச் செய்யாமலே நிரப்பியிருந்தேன். பிறகு வந்த மூன்று கிழமையும், மறைத்து எண்ணாத அந்த வரிசை என் பொறுப்பில்தான் இருந்தது. சீரம் மிச்சம் பிடிக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, முதல் எழுதியதையே பார்த்து எழுதினேன். அதை அவரிடம் சொன்னேன்.

அவர் சத்தம் போடவில்லை. "எனக்குப் பொய் சொன்னால் பரவாயில்லை, நேசன். நாளைக்கு ஆரோ ஒருத்தர் இந்தக் கொப்பியை நம்புவினம்" என்றார். அன்று பின்னேரமே முயல் சீரத்தை மட்டும் மாட்டின் குழியங்களில் விட்டுப் பார்த்தார். முக்கால்வாசி நீலம். ஆட்டின் சீரம் குற்றமற்றது; மாட்டைக் கொன்றது முயல். முயலின் இரத்தத்தில் மாட்டுக்கு எதிரான ஏதோ ஒன்று பிறவியிலேயே இருந்திருக்கிறது. முயல் சீரத்தை ஐசில் வைத்து, மாட்டின் குழியங்களோடு கலந்து, அந்த எதிரியை வடித்தெடுத்துவிட்டுத் திரும்பச் செய்தபோது மாட்டின் குழியங்கள் அத்தனையும் மினுங்கிக்கொண்டு கிடந்தன.

ஒன்பது நாட்கள் அவர் என்னோடு கதைக்கவில்லை. வேலைக்கு வேண்டியதைத் துண்டில் எழுதி மேசையில் வைப்பார். அந்த ஒன்பது நாளில்தான், இந்த மனுசி என்னோடு கதைக்காவிட்டால் யாழ்ப்பாணத்தில் எனக்கு வேறு எந்தச் சத்தமும் கேட்காது என்பதை அறிந்துகொண்டேன். பத்தாம் நாள் காலை என் சைக்கிளுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"அச்சுவேலியிலை ஒராள் குரங்கு வளர்க்கிறாராம். வாறீரோ?"

வளர்த்தவர் ஓய்வுபெற்ற பஸ் சாரதி, பொன்னுத்துரை அண்ணை. குரங்கின் பெயர் ராணி. நாங்கள் வந்த காரணத்தைக் கேட்டதும் அவர் ராணியை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு எங்களை முறைத்தார்.

"உவளின்ரை இரத்தமோ? உதை ஆருக்கு ஏத்தப் போறியள்?"

"ஒருத்தருக்கும் ஏத்த இல்லை ஐயா. மனிசருக்கு எவ்வளவு கிட்டத்துச் சொந்தம் எண்டு பாக்கிறதுக்கு" என்றார் யசிந்தா.

"அதுக்கேன் இரத்தம்? என்னைக் கேட்டால் சொல்லுவன். என்ரை மூத்தவனை விட உவள் கிட்டத்துச் சொந்தம்."

பிறகு அவரே ராணிக்கு ஒரு கதலிப்பழத்தை உரித்துக் கொடுத்து, அதன் காலை நீட்டிப் பிடித்தார். ஊசி ஏறும்போது ராணி பழத்தை விட்டுவிட்டு யசிந்தாவின் பெருவிரலைப் பிடித்துக்கொண்டது. எடுத்து முடித்த பிறகும் விடவில்லை. அவரும் விரலை இழுக்கவில்லை. அது விடும்வரை குந்தியபடியே இருந்தார்.

திரும்பி வரும் வழியில், நீர்வேலி தாண்டும்போது விமானச் சத்தம் கேட்டது. சைக்கிள்களை எறிந்துவிட்டு வாழைத் தோட்டத்துக்குள் ஓடி, இரண்டு வரிசைக்கு நடுவே தண்ணீர் ஓடும் வாய்க்காலுக்குள் குப்புற விழுந்தோம். குண்டு எங்கேயோ வடக்கே விழுந்தது. நிலம் வயிற்றுக்குக் கீழே ஒருமுறை அசைந்தது. யசிந்தா ஒரு கையை மட்டும் சேற்றுக்கு மேலே உயர்த்திப் பிடித்திருந்தார். அந்தக் கைக்குள் ராணியின் இரத்தம் இருந்த கண்ணாடிக் குழாய்.

"ரியூப் உடைஞ்சதோ?" என்றார், தலையை நிமிர்த்தாமல்.

"உம்மடை கையிலைதானே இருக்கு. உடையேல்லை."

சற்று நேரம் கழித்து, "நீர்?" என்றார்.

"நானும் உடையேல்லை."

அவருடைய முகம் என் முகத்துக்கு ஒரு சாண் தள்ளிச் சேற்றில் கிடந்தது. சிரித்தார். விமானம் போன பிறகும் நாங்கள் உடனே எழும்பவில்லை. சொல்ல வேண்டியதை நான் சொல்லியிருக்க வேண்டிய நேரம் அதுதான். குழாயில் இரத்தம் உறைந்துவிடும், கெதியாகப் போக வேண்டும் என்று சொல்லி எழும்பினேன்.

ராணியின் குழியங்கள், ஏறக்குறைய மனிதக் குழியங்கள் அளவுக்கே நீலமாயின. மனிதருக்கு அவ்வளவு கிட்டிய பிராணியில் அப்படித்தான் வர வேண்டும். சீரம் உண்மை சொல்கிறது என்று அன்றைக்குத்தான் யசிந்தா ஒப்புக்கொண்டார். பொன்னுத்துரை அண்ணைக்கு முடிவைச் சொல்ல அவரே மறுபடியும் அச்சுவேலிக்குப் போய்வந்தார்.

அதன் பிறகு மற்ற வெண்குழியங்களோடும் செங்குழியங்களோடும் கலந்து வடித்து, நிணநீர்க்குழியத்தை மட்டும் பிடிக்கிற அளவுக்குச் சீரத்தைச் சுத்தமாக்க இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது. தொண்ணூற்று மூன்றில் அதற்கு உண்மையான வேலை வந்தது. சங்கானைப் பக்கத்திலிருந்து ஒரு தாய் தன் ஆறு வயது மகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருந்தார். பிள்ளையின் பெயர் தர்சினி. கழுத்தில் கட்டிகள், விடாத காய்ச்சல், ஈறிலிருந்து இரத்தம். இரத்தப் புற்றுநோய் என்பதில் வைத்தியருக்குச் சந்தேகமில்லை. எந்த விதம் என்பதுதான் தெரியவில்லை. மருந்துக்குக் கேட்கும் விதமென்றால் தாய் பிள்ளையைக் கிளாலியில் படகேற்றி, நீரேரியைக் கடந்து, வன்னி வழியாகக் கொழும்புக்குக் கொண்டுபோக வேண்டும். அந்தக் கடலில் அப்போது படகுகள் சுடப்பட்டன. போனவர்கள் எல்லோரும் அக்கரை சேரவில்லை. மற்ற விதமென்றால், பிள்ளையை அந்த ஆபத்துக்குள் இழுக்காமல் வீட்டிலேயே வைத்துப் பார்ப்பது நல்லது. வைத்தியர் யசிந்தாவிடம் வந்தார்.

முதல் நாள் சோதனையில் பிள்ளையின் குழியங்கள் நீலமாயின. எனக்கு உடம்பெல்லாம் சந்தோசம். ஆனால் முயல் சீரம் மட்டும் விட்ட வரிசையிலும் பாதிக் குழியங்கள் நீலமாகக் கிடந்தன. நோயால் நொந்துபோன குழியங்கள், முயல் சீரத்தையே தாங்கவில்லைப் போலும்.

"ஆட்டுச் சீரம் விட்டது இதை விடக் கூட நீலம்தானே யசிந்தா. வித்தியாசம் தெரியுது. ஓமெண்டு சொல்லுவம்" என்றேன்.

"மாட்டை மறந்திட்டீரோ?" என்றார்.

வெளியே வாங்கில் தாய் காத்திருந்தார். யசிந்தா போய்ப் பக்கத்தில் இருந்தார்.

"மிஸ், ஓமெண்டோ இல்லையெண்டோ சொல்லுங்கோ. நாளைக்குப் போறவையோடை என்னையும் வரச் சொல்லியிருக்கினம்."

"இண்டைக்கு எனக்குத் தெரியாது அம்மா."

"தெரியாதோ? அப்ப என்னத்துக்கு என்ரை பிள்ளையின்ரை இரத்தத்தை எடுத்தனீங்கள்?"

"பிழையாச் சொல்லி உங்களைக் கடலிலை இறக்கேலாது. நாளைக்கு இன்னொருக்கா எடுக்க விடுங்கோ."

அந்தத் தாய் திட்டினார். நீங்கள் படித்தவர்கள், உங்களுக்கு ஒருநாள் ஒருநாள்தான், என் பிள்ளைக்கு அப்படியல்ல என்றார். யசிந்தா எழும்பவில்லை. முழுவதையும் கேட்டார்.

மறுநாள் காலை ஊசியோடு போனபோது தர்சினி ஒரு கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டது. "இது நேத்தையான் கை. இதிலை வேண்டாம் அன்ரி" என்று மற்றக் கையை நீட்டியது. இம்முறை யசிந்தா நான்கு முயல்களின் சீரத்தை முதலில் தனித்தனியாகச் சோதித்து, பிள்ளையின் குழியங்களுக்குத் தீங்கு செய்யாத ஒன்றைத் தெரிந்தெடுத்திருந்தார். நான் இலக்கம் போட்டு மறைத்தேன். அவர் எண்ணினார். பிறகு அவர் மறைக்க நான் எண்ணினேன். முயல் மட்டும் விட்டவை மினுங்கின. ஆட்டின் சீரமும் சேர்ந்தவை பத்தில் ஒன்பது நீலம். வெயில் யன்னலை விட்டுப் போகுமுன் மூன்றாம் தடவையும் எண்ணினோம்.

"கொண்டு போங்கோ" என்றார் தாயிடம். "மருந்து கேக்கிற விதம்தான்."

தாய் அவரை நெடுநேரம் பார்த்தார். "உங்கடை பிள்ளை எண்டால் நீங்கள் போவீங்களோ?"

"ஓம். போவன்."

அவர்கள் போன பிறகு யசிந்தாவுக்குச் சோறு இறங்கவில்லை. தினமும் பின்னேரம், வன்னியிலிருந்து வருபவர்கள் கடிதம் கொண்டுவந்து கொடுக்கும் கடைக்குப் போய் நின்றார். நானும் கூடப் போனேன். சொல்லியது சரிதானே, பிறகேன் பயம் என்று கேட்டேன். "குழியத்தைப் பற்றிச் சொன்னது சரி. கடலைப் பற்றி நான் ஒண்டும் எண்ணேல்லையே" என்றார். ஐந்து கிழமை கழித்துத்தான் கடிதம் வந்தது. கொழும்பிலும் அந்த விதம்தான் என்று சொன்னார்களாம். மருந்து தொடங்கிவிட்டதாம். தலைமயிர் கொட்டிப்போச்சு, ஆனால் பிள்ளை சோறு சாப்பிடுது என்று தாய் எழுதியிருந்தார். யசிந்தா கடைவாசலில் நின்றபடியே அதை இரண்டு தரம் வாசித்தார். பிறகு பக்கத்துக் கடையில் இரண்டு பாண் வாங்கி, ஒன்றை அங்கேயே பிய்த்துச் சாப்பிடத் தொடங்கினார். சில வருடங்களின் பின் தர்சினி ஊருக்குத் திரும்பிப் பள்ளிக்கூடம் போவதாக எனக்குத் தொலைபேசியில் சொன்னதும் யசிந்தாதான்.

தொண்ணூற்றைந்து ஒக்ரோபர் கடைசியில் இராணுவம் நெருங்க, வலிகாமத்து ஊர்களெல்லாம் மழைக்குள் எழும்பி நடந்ததை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அம்மா ஆட்டின் கயிற்றை அவிழ்த்துவிட்டு, அதன் முகத்தைத் திரும்பிப் பார்க்காமல் வந்தார். யசிந்தாவின் தாய்க்கு நீரிழிவால் ஒரு கால் எடுத்திருந்தது. றொபேட்டும் யசிந்தாவும் அவரை ஒரு தள்ளுவண்டியில் இருத்திச் சாவகச்சேரிப் பக்கம் போகும் பாலத்தைக் கடந்தார்கள். ஒரு கிழமை கழித்து, சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவர்களைக் கண்டுபிடித்தேன். தன் சான்றிதழ்களை வீட்டில் விட்டுவிட்டு, சீரப் போத்தல்களை ஒரு சுடுதண்ணிப் பிளாஸ்குக்குள் ஐசோடு வைத்துக் கொண்டுவந்திருந்தார். ஐஸ் எப்போதோ கரைந்துவிட்டது.

போத்தல் ஒன்றை வெளிச்சத்துக்குப் பிடித்தார். சிறிது கலங்கியிருந்தது.

"சூடேறிப்போச்சு. எவ்வளவு பழுதெண்டு தெரியாது. இதைச் சோதிக்க இங்கை ஒண்டும் இல்லை" என்றார்.

"வைச்சிரும். பிறகு பாப்பம்."

"பிறகு ஆரும் அவசரத்திலை பாவிச்சுப் போடுவினம். நானே பாவிச்சுப் போடுவன்."

"ஆறு வருசம், யசிந்தா."

"ஓம். ஆறு வருசம்" என்றார். பள்ளிக்கூடத்துப் பூவரச மரத்தடியில் ஒவ்வொன்றாகத் திறந்து ஊற்றினார். வெறும் போத்தல்களை வரிசையாக வைத்துவிட்டு, சீலைத் தலைப்பால் கையைத் துடைத்தார். அப்போதுதான் அழுதார். நான் அவருடைய தோளைத் தொட்டேன். அந்த ஒன்பது வருடத்தில் முதல் தடவை.

கனடாவில் இருந்த என் தமையன் எனக்கும் அம்மாவுக்கும் கடதாசி அலுவல்களைச் செய்து முடித்திருந்தார். மார்கழியில் நாங்கள் கிளாலிக்குப் போக வேண்டியிருந்தது. அதற்கு இரண்டு நாள் முன்னர் அதே மரத்தடியில் வைத்து, வாழைத் தோட்டத்தில் கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன்.

"என்னோடை வாரும், யசிந்தா."

அவர் திரும்பிப் பார்த்தார். பள்ளிக்கூட வகுப்பறையில் தாய் இரண்டு வாங்குகளைச் சேர்த்துப் படுத்திருப்பது அங்கிருந்து தெரிந்தது.

"அம்மாவைப் படகிலை ஏத்தேலாது. விட்டிட்டும் வரேலாது" என்றார். பிறகு, "உம்மை வேண்டாமெண்டு நான் சொல்லேல்லை, நேசன். அதை நீர் பிழையா எழுதி வைக்காதையும்" என்றார்.

பிறகு நடந்தது நீங்கள் அறிந்ததுதான். அடுத்த வருடம் அவர் யாழ்ப்பாணம் திரும்பினார். தாயைப் பதினொரு வருடம் பார்த்தார். சண்டையில் கூரை போயிருந்த ஆய்வுகூடத்தைத் திரும்பக் கட்டி, உங்களில் பலரையும் உங்கள் மாணவரையும் படிப்பித்தார். திருமணம் செய்யவில்லை. நான் ரொறன்ரோவில் ஆறு வருடம் தனியாக இருந்து, பிறகு திருமணம் செய்தேன். என் மனைவிக்கு இது எல்லாம் தெரியும். றொபேட்டின் அழைப்பு வந்த அன்று எனக்காக மெழுகுதிரி வாங்கிக்கொண்டு வந்தவர் அவர்தான். யசிந்தாவும் நானும் நத்தாருக்கும் தைப்பொங்கலுக்கும் தொலைபேசியில் கதைப்போம். சுகம், மழை, யார் யார் செத்தது, எந்த மாணவன் எங்கே போனான். நான் வருகிறேன் என்று ஒவ்வொரு வருடமும் சொன்னேன். "வாரும், வாரும்" என்பார். முதலில் சண்டை நின்றபாடில்லை. பிறகு என் அம்மாவின் நோய், பிறகு என் வேலை. வழி திறந்திருந்த வருடங்களிலும் நான் போகவில்லை. அவரைக் காணப் பயந்தேன் என்பதுதான் உண்மை.

அவருடைய கையெழுத்தில் ஒரு கொப்பிகூட என்னிடம் இல்லை. எல்லாவற்றையும் அவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன். படமும் இல்லை. என்னிடம் இருப்பது அந்த மார்கழிக் காலை மட்டும்தான். கிளாலிக்கு ஆட்களை ஏற்றும் உழவு இயந்திரத்தின் பெட்டியில் அம்மாவும் நானும் மூட்டைகளுக்கு நடுவே இருந்தோம். யசிந்தா பெட்டியின் பின்பலகையில் கையை வைத்துக்கொண்டு நின்றார். இயந்திரம் புறப்பட்டபோது கையை எடுக்காமல் கூடவே நடந்தார். அம்மா அவருடைய விரல்களுக்கு மேலே தன் கையை வைத்தார். தெரு முனையில் சாரதி வேகம் கூட்டினான். அப்போதும் அவர் விடவில்லை. சேற்றில் செருப்பு ஒன்று கழன்றுபோக, சீலையை மறுகையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். அதற்கு மேல் ஏலாமல் கை நழுவி நின்றபோது, அவர் ஓடிய தூரம் முப்பது மீற்றர் இருக்கும். எண்ணிக்கையில் எனக்கு நிச்சயமில்லை. அந்த முப்பது மீற்றரும் யசிந்தா எனக்காக ஓடியவை. அதைத்தான் நான் வைத்திருக்கிறேன்.